மணிக்கூண்டில் ஒரு பொறாமை!

"கைதட்டுங்க... இன்னும் நல்லா கைதட்டுங்க! தில்லை நகர் வரைக்கும் கேக்கணும்!"

இளவரசன் இந்த உலகத்தில் கடைசியாகப் பேசியது அதுதான்.

கூட்டம் தட்டியது. விசில் பறந்தது.

புது மணிக்கூண்டின் பால்கனியில் நின்ற இளவரசன், கொடிக் கயிற்றை எட்டிப் பிடித்தார். இடுப்பைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்தார்.

ஒரே இழுப்பு.

கொடி விரிந்தது...

கம்பி பிய்ந்தது!

"ஐயோ... சார்ர்ர்!"

அலறியது இளவரசன் இல்லை. பால்கனியின் எதிர்ப்பக்கம் நின்றிருந்த யாழினி.

இளவரசனுக்கு அலற நேரம் கிடைக்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுக் கறுப்புக் கண்ணாடி சகிதம் சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார். மண்டையைச் சுற்றி ரத்தம் பரவியது.

கைதட்டல் உடனே நிற்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்!

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் லின்சிதான் முதலில் ஓடினாள். குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆசாத்! ஆம்புலன்ஸ்!"

சப்-இன்ஸ்பெக்டர் ஆசாத் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"உயிர் இருக்கா மேடம்?"

"ஆம்புலன்ஸ் மெதுவாவே வரலாம்."

* * *

திருவெறும்பூர்க்காரர்களுக்குப் பக்கத்துத் திருச்சியின் தில்லை நகர் மேல் ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு.

நல்ல டாக்டரா? தில்லை நகர். பட்டுப் புடவையா? தில்லை நகர். பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஏசி ஹோட்டலா? அதுவும் தில்லை நகர்! ஃபேக்டரியில் வேர்வை சிந்துவது இங்கே... கடைவீதியில் கை வீசி நடப்பது அங்கே! ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே டூவீலரில் ஏறித் திருச்சிக்குப் போய்விடும். சம்பந்தம் பேச வருகிற திருச்சிக்காரர்கள், 'உங்க ஊர்ல உக்காந்து காபி குடிக்க ஒரு இடம் இல்லையே' என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பு ஊருக்குள் யாருக்கும் செரிக்கவில்லை.

அதற்கு மருந்தாகத்தான் 'எறும்பூர் சென்ட்ரல்'!

தஞ்சாவூர் ரோட்டோரக் காலி மைதானத்தில் சொந்தமாக ஒரு டவுன். கடைவீதி, கிளினிக்குகள், தியேட்டர், வண்டி நுழையாத நடைபாதைத் தெரு. நட்டநடுவில் மணிக்கூண்டு. முதலில் கட்டி முடித்தது மணிக்கூண்டைத்தான். இன்றைக்கு அதற்குத்தான் திறப்பு விழா.

இருபது வருஷம் இதற்காக மனுக் கொடுத்து அலைந்தவர் இளவரசன். ஃபேக்டரி வேலையை விட்டு ரியல் எஸ்டேட்டுக்கு வந்தவர். டவுன் கமிட்டித் தலைவர்.

படம் வரைந்தவள் யாழினி. இதே ஊர்ப் பெண். ஆர்க்கிடெக்ட்.

அலைந்தவரை ஊர் மறந்துவிட்டது. பேப்பரில் யாழினி படம். ஆட்டோ ஸ்டாண்டில் 'யாழினி டவுன்' என்றே பேர்!

இளவரசனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லின்சியின் செல்போன் அடித்தது. டி.எஸ்.பி.

"லின்சி, இளவரசன் விழுந்த வீடியோவைப் பாத்தீங்களா? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு!"

"பாத்தேன் சார்."

"அந்த ஆர்க்கிடெக்ட் பொண்ணைப் பிடிங்க. சாயங்காலம் கமிட்டி கூடுது. எறும்பூர் சென்ட்ரலே வேணாம்னு தீர்மானம் போடப் போறாங்களாம். அதுக்குள்ள அவளை ரிமாண்ட் பண்ணிட்டா நமக்குத் தொல்லை விட்டது."

"அவதான் பண்ணியிருந்தா பண்ணிடுவோம் சார்."

"அவ இல்லாம வேற யாரு?"

போன் கட் ஆனது.

* * *

ஸ்டேஷன்.

யாழினிக்கு முப்பது வயசுக்குள் இருக்கும். விழாவுக்குக் கட்டிய மயில் நீலப் புடவை. முகத்தில் மட்டும் விழா இல்லை.

ஆசாத் வீடியோவை ஓடவிட்டார். பால்கனியில் யாழினி இளவரசன் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறாள். அவர் கையை உதறி விரட்டுகிறார். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கிறார்கள். கடிகாரத் திரையை விலக்குகிற கயிறு தொங்கும் பக்கம் யாழினி. கொடிக் கயிறு தொங்குகிற பக்கம் இளவரசன்.

அப்புறம்... அந்த இழுப்பு!

"காதுல என்னம்மா சொன்னே?" என்றாள் லின்சி.

"பால்கனியைத் திருப்பி வச்சிருக்கோம்னு சொல்ல வந்தேன் மேடம். 'இன்னிக்காவது வாயை மூடிட்டு நில்லு'ன்னார்."

"திருப்பினதா? எதை?"

"பால்கனியை. மணிக்கூண்டைச் சுத்தி வட்டமா வர்ற பால்கனி, தனியா தரையில வச்சு செஞ்சது மேடம். நேத்து சனிக்கிழமைதான் கிரேன்ல தூக்கி மாட்டினோம். அதுல 'எறும்பூர் சென்ட்ரல்'னு போர்டு இருக்கு. அது தஞ்சாவூரைப் பாத்து இருந்துச்சு. திருச்சியில இருந்து வர்றவன் கண்ணுலதான் முதல்ல படணும்னு தோணுச்சு... தில்லை நகர்க்காரன் பாத்து வயிறெரியட்டும்னு... அரை வட்டம் திருப்பி மாட்டச் சொன்னேன்."

"யார் சொல்லி?"

"நான்தான் சொன்னேன்."

ஆசாத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யா அல்லா! நீயே உன் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறியேம்மா! கடைசியா பால்கனியில கை வச்சது நீன்னு நீயே சொல்றே!"

"நடந்ததைத்தானே சொல்றேன் சார்!"

"போன வாரம் கமிட்டி மீட்டிங்ல கல்வெட்டுல யார் பேரு முதல்ல போடுறதுன்னு சண்டை. நீ என்ன சொன்னே?"

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"'உங்க பொறாமைதான் ஒருநாள் உங்களைக் கவுக்கப் போகுது'ன்னு சொன்னேன்."

"அருமை! கவுந்துட்டார்!"

யாழினி வெடித்து அழுதாள்.

"கோவத்துல சொன்னது சார்! அதுக்கப்புறம் சமாதானமா ஆயிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே கமிட்டிக்கு வந்து, 'கடிகாரத்தை அந்தப் பொண்ணே திறக்கட்டும், நான் கொடி ஏத்திக்கிறேன்'னு சொன்னார். எனக்கே ஆச்சரியம்! மேடம்... எனக்கு ஜெயில் கூடப் பரவாயில்லை. எறும்பூர் சென்ட்ரலை நிறுத்திடுவாங்க. இது என் ஊரு மேடம்... நான் காலேஜ்ல, 'எங்கேருந்து வர்றே'ன்னு கேட்டா திருச்சின்னு பொய் சொன்னவ. இனிமே யாரும் அப்படிச் சொல்லக்கூடாதுன்னுதான் வரைஞ்சேன்!"

 லின்சியும் இதே ஊர்தான். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அதே பொய்யை ட்ரெயினிங்கில் அவளும் சொல்லியிருக்கிறாள்.

வெளியே வந்ததும் ஆசாத் கேட்டார்.

"அழுகை நிஜமா மேடம்?"

"அழுகை நிஜம். திடீர்னு பெருந்தன்மை வந்துச்சுன்னாளே... அதுதான் எனக்கு இடிக்குது. இருபது வருஷம் மைக்கை விடாத மனுஷன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏன் விட்டார்?"

"எனக்கு வேற ஒரு ஆள் மேல சந்தேகம் மேடம். செத்தவர் போனுக்கு நேத்து முழுக்க ரெண்டே ரெண்டு பேர்தான் விடாம அடிச்சிருக்காங்க. ஒண்ணு யாழினி."

"இன்னொண்ணு?"

"தில்லை நகர் அன்புச்செல்வன்!"

* * *

அன்புச்செல்வன் தில்லை நகரில் பெரிய ஹோட்டல் முதலாளி. 'திருவெறும்பூர்ல டவுனா? அங்க ஷிஃப்டுக்குப் போறவனும் வர்றவனும்தான் இருப்பான், எவன் உக்காந்து சாப்பிடுவான்?' என்று மேடை போட்டுப் பேசியவர். எறும்பூர் சென்ட்ரல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் ஹோட்டலில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஹோட்டலில் இல்லை. வீட்டில் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஸ்ரீரங்கத்தில் மாட்டினார். அம்மா மண்டபத்துப் படித்துறையில், இடுப்பளவு காவிரித் தண்ணீரில், கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்!

"மேல வாங்க சார்," என்றாள் லின்சி. "பாவம் கழுவுறதை அப்புறம் பாத்துக்கலாம்."

அன்புச்செல்வன் திடுக்கிட்டுக் கண் திறந்தார். யூனிஃபார்மைப் பார்த்ததும் தண்ணீரிலும் வியர்த்தது.

"மேடம்... நான் எதுவும் பண்ணலை மேடம்!"

"நாங்க எதுவுமே கேக்கலையே!"

"வீடியோவைப் பாத்தேன் மேடம். பயந்துட்டேன். என் மேலதான் சந்தேகம் வரும்னு தெரியும். காலையில இருந்து இங்கதான் இருக்கேன். அந்த அர்ச்சனைத் தட்டுக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க!"

"நேத்து ஏன் அவருக்கு விடாம போன் அடிச்சீங்க?"

அன்புச்செல்வன் நாலாபுறமும் பார்த்தார். படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த மாமி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மெதுவா சொல்றேன் மேடம். யாருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லுங்க."

"எறும்பூர் சென்ட்ரல்ல... கார்னர் கடை ஒண்ணு..."

"ஒண்ணு?"

"சம்சாரம் பேர்ல கேட்டிருந்தேன் மேடம்! இளவரசன் தர்றேன்னார். பத்திரத்தைக் கண்ணுல காட்டலை. அதான் போன் மேல போன்!"

ஆசாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேடையில திட்டினீங்களே!"

"திட்டினாத்தான் மத்தவன் போட்டிக்கு வரமாட்டான் சார். வயிறெரியுது, ஒத்துக்கறேன். ராத்திரி தூக்கம் வரலை, அதையும் ஒத்துக்கறேன். ஆனா நான் கடை போடப்போற இடத்துல நானே எதுக்கு சார் கொலை பண்ணப் போறேன்? எவன் சாப்பிட வருவான்?"

நியாயமான கேள்வி. கொலைகாரனுக்கு மனசாட்சி இல்லாமல் இருக்கலாம்... ஹோட்டல்காரனுக்கு வியாபார புத்தி இல்லாமல் இருக்காது.

ஜீப்பில் ஏறும்போது லின்சி அன்புச்செல்வனிடம் திரும்பிக் கேட்டாள்.

"இளவரசன் நேத்து உங்க போனை எடுத்தாரா?"

"ஒரே ஒரு தடவை எடுத்தார் மேடம். 'கண்ணு சரியில்லை, படுத்திருக்கேன், நாளைக்குப் பேசறேன்'னு வச்சிட்டார்."

"கண்ணா?"

"ஆமா மேடம். கண்ணு."



* * *

மணிக்கூண்டு.

பிய்ந்து விழுந்த கம்பி ஒரு ஓரமாகக் கிடந்தது. லின்சி முழங்காலிட்டுக் குனிந்தாள். கம்பியின் கால்கள் ஒவ்வொன்றும் அடியில் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த இடத்தில் லேசாக, பொட்டு வைத்த மாதிரி வெல்டிங். மேலே பட்டி தடவி, பச்சைப் பெயிண்ட்.

சும்மா தொட்டால் நிற்கும். சாய்ந்தால் போச்சு!

பால்கனியைச் செய்த பட்டறைக்காரர் பிச்சமுத்து கைகட்டி நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இது எங்க வேலை இல்லீங்கம்மா! வெள்ளிக்கிழமை காலையில பெயிண்ட் அடிச்சு முடிச்சுட்டு, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனோம். பால்கனி தரையிலதான் கிடந்துச்சு. காவலுக்கு யாரும் இல்லை. தப்புதான்."

"சாப்பாட்டு நேரத்துல யாரோ புகுந்து விளையாடியிருக்கான் மேடம்," என்றார் ஆசாத்.

"இங்கேயே உங்க கட்டிங் மெஷின், வெல்டிங் மெஷின், பெயிண்ட் எல்லாம் கிடந்துச்சு. இல்லையா பிச்சமுத்து?"

"ஆமாங்க. ஆனா கண்ணாடி, முகமூடி எல்லாம் பையோட நாங்க எடுத்துட்டுப் போயிட்டோங்க."

லின்சி சட்டென்று நிமிர்ந்தாள். என்னமோ நினைத்துக்கொண்டவள், பையிலிருந்து சாவியை எடுத்து, கம்பிக் காலின் பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"ஆசாத், நீங்க பாலக்கரை ஆளு. உங்களுக்குத் தெரியாது. எங்கப்பா ஃபேக்டரியில வெல்டர். இந்த ஊர் வெல்டர் எதைப் பத்த வச்சாலும் பக்கத்துல இரும்புலயே தன் நம்பரைக் குத்துவான். ஃபேக்டரியில அது சட்டம். எந்த வெல்டிங் எந்தக் கையின்னு தெரியணும் இல்ல? ரிட்டயர் ஆனாலும் அந்தப் பழக்கம் போகாது. எங்கப்பா எங்க வீட்டுத் துணி காயப்போடுற கம்பியில கூடக் குத்தியிருக்கார்!"

"எங்க பட்டறை நம்பர் முப்பதுங்க," என்றார் பிச்சமுத்து. "மத்த கம்பியில எல்லாம் பாருங்க, இருக்கும்."

பச்சைப் பெயிண்ட் உதிர்ந்தது. பட்டி உதிர்ந்தது. அடியில் இரும்பு தெரிந்தது.

இரும்பில்... ஒரு எண்!

"முப்பது இல்லையே!" ஆசாத் கூவினார். "அறுபத்தேழு!"

லின்சி மெல்லச் சிரித்தாள்.

"மூளை கொலை பண்ணியிருக்கு ஆசாத்... கை டூட்டி பாத்திருக்கு!"

* * *

இளவரசன் வீடு. வாசலில் சாமியானா. உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்து வரவில்லை.

மனைவி அழகம்மாள் உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். சுற்றியிருந்த பெண்கள் போலீஸைப் பார்த்ததும் விலகி வெளியே போனார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க."

"மன்னிச்சுக்குங்கம்மா. இந்த நேரத்துல..."

"கேளுங்கம்மா. கேக்க வேண்டியதைக் கேளுங்க. இருபது வருஷமா அந்த டவுன்தான் எனக்குச் சக்களத்தி. அதைக் கட்டிக்கிட்டுத்தான் அலைஞ்சார். ஒருநாள் என் பக்கத்துல உக்காந்து ஒழுங்கா ஒரு வாய் காபி குடிச்சதில்லை. கடைசியில அதுகிட்டயே போய்ச் சேந்துட்டார்."

ஆசாத்தின் புருவம் உயர்ந்தது. இன்னொரு பொறாமையா!

லின்சி கண்ணால் அவரை அடக்கினாள்.

"நேத்து அவருக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"கண்ணும்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். ராத்திரி ஆனதும் கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி உறுத்துதுன்னு கத்தினார். தண்ணியா ஊத்துது. டாக்டர்கிட்ட போலாம்னா வேணாம்னுட்டார். உருளைக்கிழங்கை வட்டமா நறுக்கிக் கண்ணு மேல வைக்கச் சொன்னார். நேத்து முழுக்க அறையை இருட்டாக்கி, கிழங்கை வச்சுக்கிட்டே கிடந்தார்."



உருளைக்கிழங்கு!

சின்ன வயசில் லின்சி எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, முகமூடி இல்லாமல் அவசரத்தில் ஒரு வெல்டிங்கைப் பார்த்துவிட்டால், அன்று ராத்திரி இதே உறுத்தல். இதே தண்ணீர். இதே கிழங்கு!

"இன்னிக்குக் காலையில கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுக் கிளம்பினார்," என்றார் அழகம்மாள். "அரசியலுக்கு வரப்போறாரான்னு கேலி பண்ணாங்களாம். கண்ணைத் திறக்க முடியலைன்னு எனக்குத்தானே தெரியும்!"

"அம்மா... அவர் ஃபேக்டரியில என்ன வேலை பாத்தார்?"

"வெல்டர்தான். நல்ல கை. அந்தச் சாமானையெல்லாம் இன்னும் பூஜை அலமாரியில வச்சிருக்கார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்."

லின்சி எழுந்தாள். ஷூவை வாசலிலேயே விட்டு வந்தது நல்லதாயிற்று.

பூஜை அலமாரி. சாமி படங்களுக்குக் கீழே வரிசையாகச் சாமான்கள். இடுக்கி, பிரஷ், அளவுகோல்... எல்லாவற்றிலும் போன ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

இரண்டே சாமான்களில் மட்டும் பொட்டு இல்லை. துடைத்து எடுத்தது போலச் சுத்தம்.

சுத்தியல்... விரல் நீளத்தில், நம்பர் குத்துகிற ஒரு இரும்புப் பஞ்ச்.

"இதை எடுத்துக்கலாமாம்மா?"

அழகம்மாள் தலையசைத்தார்.

லின்சி பஞ்ச்சை எடுத்தாள். பக்கத்தில் இருந்த விபூதித் தட்டில், அதன் நுனியை மெதுவாக அழுத்தினாள்.

விபூதியில் எண் விழுந்தது.

67.

ஆசாத் விபூதித் தட்டின் மேல் குனிந்து பார்த்தார். கிசுகிசுத்தார்.

"மேடம்... அப்போ நாம துக்கம் விசாரிக்க வந்திருக்கிறது..."

"கொலைகாரன் வீட்டுக்கு!"

அழகம்மாள் அதைக் கேட்டார். கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பூஜை அலமாரியையே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சும்மா," என்றார் கடைசியில். "சாமி கும்பிடுறார்னு நெனச்சுட்டேன்."

* * *

ஸ்டேஷன். ஆசாத்தின் முன்னால் ஒரு பேப்பர் தட்டு. தட்டில் ஒரு ஓரம் மெதுவடை. எதிர் ஓரம் சட்னி.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை மேடம். அறுத்து வச்சது அவர். தெரிஞ்சே அதுல ஏன் சாஞ்சார்?"

"அவர் அறுத்தது தன் பக்கத்துக் கம்பியை இல்லை ஆசாத். யாழினி நிக்கப்போற பக்கத்துக் கம்பியை."

"புரியலை."

"இந்தத் தட்டுதான் பால்கனி. உங்க பக்கம் இருக்கிற வடைதான் அறுத்த கம்பி. நீங்கதான் யாழினி. எதிர்ல நான் இளவரசன். வெள்ளிக்கிழமை கணக்குப்படி வடை யாருக்கு?"

"எனக்கு!"

"சனிக்கிழமை யாழினி என்ன பண்ணாள்?"

லின்சி தட்டை அரை வட்டம் திருப்பினாள்.

வடை அவள் முன்னால் வந்து நின்றது!

"கயிறெல்லாம் மணிக்கூண்டுல கட்டியிருக்கு. அது நகரலை. பால்கனி மட்டும் திரும்பிடுச்சு. அவளுக்குன்னு அறுத்து வச்ச கம்பி இவர் பக்கம் வந்துடுச்சு. அந்த நேரத்துல இவர் எங்க இருந்தார்? இருட்டு அறையில... கண்ணு மேல கிழங்கோட! முகமூடி இல்லாம திருட்டு வெல்டிங் பண்ணதுக்குக் கிடைச்ச கூலி. இன்னிக்கு நேரா மேடைக்கு வந்தார். போர்டைத் துணி மூடியிருந்துச்சு. கறுப்புக் கண்ணாடி வேற. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கம்பி. எது எதுன்னு தெரியலை."

"அதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருந்தன்மை பொங்குச்சா! 'அந்தப் பொண்ணே கடிகாரத்தைத் திறக்கட்டும்'னு!"

"ஆமா."

ஆசாத் வடையைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தார்.

யாழினி மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் நிம்மதி இல்லை. 

"என்னைக் கொல்லவா மேடம்? அந்த அளவுக்கு என்ன பண்ணேன் நான்? முதல் படம் வரைஞ்சதும் அவர்கிட்டதான் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குப் பிடிக்கணும்னுதான் மணிக்கூண்டே போட்டேன்!"

"பிடிச்சிருந்துச்சும்மா. அதான் தொல்லை. தான் வரைஞ்சிருக்கணும்னு தோணுற அளவுக்குப் பிடிச்சிருந்துச்சு."

"ஆனா... பால்கனியைத் திருப்பினதும் உடனே அவருக்குச் சொல்ல நேத்து முழுக்க போன் பண்ணிக்கிட்டே இருந்தேன் மேடம். அவர் எடுக்கவே இல்லை."

லின்சி மேஜை டிராயரைத் திறந்து இளவரசனின் செல்போனை எடுத்தாள். திரையைத் தட்டி யாழினியிடம் நீட்டினாள்.

மிஸ்டு கால்கள் வரிசையாக நின்றன. அன்புச்செல்வனுடையது சில. மற்றதெல்லாம் ஒரே பெயரில்.

அவர் அவள் நம்பரை யாழினி என்று பதிந்து வைத்திருக்கவில்லை.

'எடுக்காதே' என்று பதிந்து வைத்திருந்தார்!

யாழினி அதையே வெகு நேரம் பார்த்தாள். அழுகை வந்தது. இந்தத் தடவை அது தனக்காக இல்லை என்பது லின்சிக்குத் தெரிந்தது.

"ஒரே ஒரு தடவை எடுத்திருந்தா..." என்றாள் யாழினி.

"எடுத்திருந்தா இன்னிக்கு நீ இல்லை," என்றாள் லின்சி. "கண்ணைத் தொடை. கமிட்டி கூடியாச்சு. ஜீப்ல ஏறு. எறும்பூர் சென்ட்ரல் நிக்குமா நிக்காதான்னு நீயே போய்ப் பேசு. டி.எஸ்.பி.க்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

யாழினி கும்பிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஜீப் கிளம்பும் சத்தம் தேய்ந்ததும் ஆசாத் பேனாவைத் திறந்தார். தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒரு சிக்கல். கேஸ் கட்டுல செத்தவர் பேரு இளவரசன்னு எழுதிட்டேன். குற்றவாளின்னு ஒரு இடம் இருக்கே... அங்க யார் பேரை எழுத?"

லின்சி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு இடத்துலயும் அவர் பேரையே போடுங்க ஆசாத். எங்க பாத்தாலும் தன் பேருதான் இருக்கணும்னு ஆசைப்பட்ட மனுஷன்!"